இடப்பக்கம் திருப்பாதீர்கள்

லிண்ட்சே டிரெஸைஸின் காரில் யார் ஏறினாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை 'வா' அல்ல. 'இடப்பக்கம் திருப்பாதே' என்பதுதான். சர்ச்சுக்குப் போகும் போதகருக்கும் அதே உபதேசம், பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸுக்கும் அதே உபதேசம். ஐம்பது வருடங்களாக ஊரே அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

காரணம் எளிது. அந்தக் காலத்து வண்டிகளில் டேஷ்போர்டின் நடுவே ஓர் உருளை இருக்கும். அதன் முகத்தில் திருகுவதற்கு இரண்டு காதுகள். இடது கோடியில் பூட்டு. அடுத்தது நிறுத்தம். வலப்பக்கம் திருப்பினால் மின்சாரம், இன்னும் திருப்பினால் இன்ஜின். நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு இறங்கினால் மறுபடி கிளப்பச் சாவியே வேண்டாம். காதைப் பிடித்துத் திருகினால் போதும். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு மட்டும் வாய்த்த வசதியை கார் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் செய்து கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பாருக்காவில் எவரும் வண்டியைப் பூட்டியதில்லை. தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில், மூன்று பக்கம் கடலும் நடுவில் பார்லி வயலுமாக இருக்கிற இடத்தில், திருடினால்தான் எங்கே கொண்டுபோவான்? ஆகவே சாவிகள் மேசை இழுப்பறைக்குப் போயின. அங்கிருந்து காலம் அவற்றை எங்கெங்கோ கொண்டுபோனது. லிண்ட்சேயின் சாவி 1971இல் நண்டு பிடிக்கப் போனபோது கடலில் விழுந்துவிட்டது என்பது அவருடைய கட்சி. அவர் அதைத் தேடவே இல்லை என்பது அவருடைய மனைவி பெரிலின் கட்சி. வண்டி எந்தக் கட்சியிலும் சேராமல் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தக் கம்பெனி வண்டி என்று நான் எழுதப்போவதில்லை. பாருக்காவில் மதங்கள் இரண்டு. மெதடிஸ்ட், கத்தோலிக்கம் என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். அவனவன் ஓட்டுகிற வண்டிதான் அவனவன் மதம். நான் பெயரைச் சொன்னால் பாதி ஊர் என்னுடன் பேசாது. மீதிப் பாதி வீடு தேடி வந்து கைகுலுக்கும். எனக்கு இரண்டாவதை நினைத்தால்தான் பயம். 1963ஆம் வருடத்து மாடல், வெண்ணெய் நிறம், முன்னால் நீளமாக ஒரே பெஞ்சு சீட் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

லிண்ட்சே முப்பத்தெட்டு வருடம் தானியக் குதிர்களின் எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறுவதற்கு முன்பே ஸ்பிரிங் தாழ்ந்திருப்பதைப் பார்த்து டன் சொல்வார். முள் அதையே காட்டும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன மரியாதை தெரியும், முள்ளின் மேல். மற்றபடி அதிகம் பேசாத மனிதர். அவருக்குச் சேர்த்துப் பேசத்தான் பெரில் வந்தார்.

பெரில் வந்ததும் அந்தச் சுவிட்ச் வழியாகத்தான். 1966இல் ஒரு சனிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம். மைதானத்தைச் சுற்றி வண்டிகளை உள்முகமாக நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே பார்ப்பது எங்கள் வழக்கம். கோல் விழுந்தால் கைதட்ட மாட்டோம், ஹாரன் அடிப்போம். அன்று வெண்ணெய் நிறத்தில் மட்டும் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன. லிண்ட்சே வண்டியை விட்டு இறங்கி, பேஸ்டி என்கிற கறி அப்பம் வாங்கப் போயிருந்தார். கடைசிக் கால்வாசி ஆட்டத்துக்கு முன்னால் மழை பிடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் செனொவெத்தின் மகள் பெரில் ஓடிவந்து அப்பாவின் கார் என்று ஒரு காரில் ஏறினாள், காதைத் திருகினாள், வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் அணி கோல் போட்டது. லிண்ட்சே ஹாரன் அடிக்க வந்தார். ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சேற்றுக் குட்டையும் இரண்டு டயர்த் தடமும் இருந்தன.

மூன்று வண்டி தள்ளி செனொவெத்தின் கார் நின்றது. அதை ஓட்டிக்கொண்டு லிண்ட்சே பண்ணைக்குப் போனார். செனொவெத்துக்குத் தன் கார் எது என்று தெரியவில்லை. நாய்தான் மோந்து பார்த்துச் சொன்னது. தேநீர் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பெண்ணையும் கொடுத்தார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் மாலை நாலரைக்குக் கடற்பாலம். தண்ணீரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, மீன் பொரியலும் சிப்ஸும் காகிதத்தில் பிரித்து பெஞ்சு சீட்டின் நடுவில் வைத்துத் தின்பார்கள். பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது பின் சீட்டில் இருந்தன. வளர்ந்து அடிலெய்டுக்குப் போனபின் பின் சீட்டில் பெரிலின் கம்பளிச் சட்டை இருந்தது. வெயில், புயல், அறுவடை எதற்கும் அந்த வெள்ளிக்கிழமை தவறியதில்லை. மற்ற ஆறு நாளும் அந்த வண்டி ஊர்ச் சொத்து. தேவைப்பட்டவன் எடுப்பான், பெட்ரோல் ஊற்றித் திருப்பி நிறுத்துவான். ஒருமுறை வண்டி திரும்பி வந்தபோது பின் சீட்டில் ஒரு பூசணிக்காய் இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. பெரில் சூப் வைத்துவிட்டார்.

போன அறுவடை முடிந்த பிறகு சுவிட்சுக்கு நோய் வந்தது. மேடு பள்ளத்தில் ஏறினால் இன்ஜின் அணைந்துவிடும். காதைக் கட்டைவிரலால் கொஞ்சம் வலப்பக்கம் அழுத்திப் பிடித்தால் மறுபடி உயிர் வரும். சில வாரம் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை காதிலுமாக ஓட்டினார் லிண்ட்சே. பிறகு துணிக் கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டி, ரப்பர் பேண்டால் ரேடியோ குமிழோடு இழுத்துக் கட்டினார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சிப்ஸ் வாங்கித் திரும்பும்போது, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கையில், ரப்பர் பேண்ட் அறுந்தது. வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றது. இடப்பக்கமிருந்து இரட்டை டிரெய்லர் பார்லி லாரி வந்துகொண்டிருந்தது. பெரில் அலறினார். லிண்ட்சே லாரியின் டயர்களைப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு டன்," என்றார். "ஏறக்குறைய."

லாரிக்காரன் சரளையில் இறங்கி, புழுதி கிளப்பி, ஹாரனால் திட்டிக்கொண்டே போய்விட்டான். பெரில் கதவைத் திறந்து இறங்கினார். சிப்ஸ் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"பெரில், ஏறும்மா. கிளம்பிருச்சு பாரு."

"நடக்குறேன்."

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கே?"

"அவன் இன்னும் ரெண்டு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா நாப்பத்திரண்டு டன்னு என் கல்லறையில எழுதியிருப்பியா நீ? ஏறக்குறையன்னும் சேர்த்து எழுதுவே!"

அன்று சமையலறையில் தீர்ப்பு வந்தது. சாவி போட்டால் கிளம்பி, திருப்பினால் மட்டும் நிற்கிற சுவிட்ச் அந்த வண்டிக்கு வரும்வரை அவர் அதில் உட்காரப்போவதில்லை. சண்டையில்லாமல், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னார். லிண்ட்சே பயந்தது அதற்குத்தான். பெரில் சத்தம் போட்டால் மழை மாதிரி, விட்டுவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தனியாகப் போனார். பழக்கத்தில் இரண்டு பேருக்கு வாங்கிவிட்டார். பெரிலின் பங்கைக் கடற்காக்கைகள் தின்றன. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டில் உட்கார்ந்து வண்டியைத் துடைத்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் துடைத்தார். துடைக்க அழுக்கு எதுவும் இல்லை.

'ஒரு சுவிட்சை மாற்றுவதில் என்ன கஷ்டம்?' என்று கேட்கலாம். கஷ்டம் அந்த இடப்பக்கத்தில் இருந்தது. பழைய சுவிட்சைக் கழற்ற முதலில் உருளையை வெளியே இழுக்க வேண்டும். அதற்கு, முகத்திலுள்ள ஊசித் துளையில் ஒரு கம்பியை விட்டு உள்ளே இருக்கிற பின்னை அழுத்தியபடி காதை இடப்பக்கம் திருப்ப வேண்டும். சரியாக அழுத்தினால் உருளை கையோடு வரும். சரியாக அழுத்தாவிட்டால் பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாத வண்டி பூட்டிக்கொண்டால் அது கோழிக்கூண்டுக்குத்தான் ஆகும்.

பெரில் காத்திருக்கவில்லை. பழைய வண்டிச் சாமான் விற்கிறவரிடம் தானே சொல்லி, உருளையும் சாவியும் சேர்ந்த புதுச் சுவிட்ச் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். அதை லிண்ட்சேயின் தட்டில், பேஸ்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"க்ளெமைக் கூப்பிடு," என்றார்.

க்ளெம் பாஸ்கோ பக்கத்து வீடு. தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் வயர் தெரிந்த ஒரே ஆள். அவர் மற்ற மதம். ஐம்பது வருடமாக லிண்ட்சேயும் அவரும் வேலிக்கு இரு புறமும் நின்று பேசுவார்கள். க்ளெம் ஒருமுறைகூட அந்த வெண்ணெய் நிற வண்டியில் ஏறியதில்லை. 1983இல் காலை உடைத்துக்கொண்டபோதுகூட ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தவர்.

செவ்வாய்க்கிழமை காலை டார்ச்சும் ஸ்குரூ டிரைவருமாக வந்தார்.

"கடைசியில எங்கிட்டதான் வரணும், பார்த்தியா?"

"உன் வண்டி எங்கேன்னு சொல்லிட்டுப் பேசு," என்றார் லிண்ட்சே.

"வயல்ல இருக்கு."

"முப்பது வருஷமா வயல்லதான் இருக்கு. அதுக்குள்ள ஆடு குட்டி போடுது."

"ஆடாவது ஏறுது. உன் வண்டியில பொண்டாட்டியே ஏற மாட்டேங்குறா."

லிண்ட்சே பேட்டரி வயரைக் கழற்றினார். க்ளெம் தலைகீழாக டேஷ்போர்டுக்கு அடியில் நுழைந்தார். அவருடைய இரண்டு பூட்ஸும் சீட்டின் மேல் ஏறுவதை லிண்ட்சே பார்த்து, ஒரு பழைய செய்தித்தாளை அவற்றுக்கு அடியில் விரித்தார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "சுவிட்ச்தான் ஆடுது. உள்ள பித்தளை தேஞ்சிருக்கும். சரி, நீ கம்பியைப் போட்டுத் திருப்பு."

"நீ திருப்பேன்."

"நானா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பாஸ்கோ வேணும்னே பண்ணிட்டான்னு உங்க ஆளுங்க கிளப்புல பேசுவாங்க. நீயே திருப்பு சாமி."

லிண்ட்சே ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஊசித் துளையில் விட்டார். அழுத்தினார். உள்ளே ஏதோ இறங்கியது போலிருந்தது. அரை நூற்றாண்டாக யாரும் தொடாத திசையில் காதைத் திருப்பினார்.

உள்ளே கிரீஸ் இறுகி மிட்டாயாக இருந்திருக்கிறது. இறங்கியது பின் அல்ல, அந்த மிட்டாய். க்ளிக் என்று ஒரு சத்தம்.

டேஷ்போர்டுக்கு அடியில் அசைவு நின்றது. "என்ன சத்தம் அது?"

லிண்ட்சே காதை வலப்பக்கம் திருப்பினார். வரவில்லை. மறுபடி திருப்பினார்.

"லிண்ட்சே? பூட்டிக்கிச்சா?"

பெரில் கையைத் துடைத்துக்கொண்டு ஷெட் வாசலில் வந்து நின்றார். "என்ன ரெண்டு பேரும் திடீர்னு ஊமையாயிட்டீங்க? அந்த மனுஷன் உயிரோட இருக்கானா?"

"நான் இருக்கேன்," என்றார் க்ளெம். "வண்டிதான் போயிருச்சு."

க்ளெம் வெளியே வந்து வழிகள் சொன்னார். பின்னால் இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் கிளம்பும். பெரில் மறுத்துத் தலையாட்டினார்: "திருட்டு வண்டி மாதிரி நான் போக மாட்டேன்." அப்படியானால் டிரில் மெஷின் இருக்கிறது, உருளையின் முகத்தில் துளை போட்டு உடைத்து எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. புதுச் சுவிட்சுதான் உருளையோடு வந்திருக்கிறதே.

லிண்ட்சே உருளையைப் பார்த்தார். இடது காது தேய்ந்து மெலிந்திருந்தது. ஐம்பத்தைந்து வருடத்துக் கட்டைவிரல்கள்: அவருடையது, பெரிலுடையது, போதகருடையது, பூசணிக்காய் வைத்தவனுடையது. அவர் அதன் மேல் கை வைத்து மூடிக்கொண்டார்.

பெரில் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டிரில்லை வீட்டுக்குக் கொண்டுபோ க்ளெம்," என்றார். "வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்கு மேல உன் இஷ்டம்." பிறகு உள்ளே போய், மாதர் சங்கத் தலைவி தெல்மாவுக்குப் போன் செய்தார். எங்கள் ஊரில் தெல்மாவிடம் ஒன்றைச் சொன்னால் வானொலி நிலையம் எதற்கு?

புதனும் வியாழனும் ஐஸ்கிரீம் டப்பாக்கள் வந்தன. பாருக்காவில் எல்லா வீட்டிலும் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பா உண்டு; அதில் எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள் உண்டு. எறிந்தால் மறுநாளே அந்தப் பூட்டு தென்பட்டுவிடும் என்ற பயத்தில் யாரும் எறிவதில்லை. ஷெட்டுக்கு வெளியே வரிசை நின்றது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாவியாக நுழைத்துப் பார்த்தார்கள். சாவியைவிடக் கதைதான் அதிகம் வந்தது.

"இது எங்க வீட்டுக்காரரோட வண்டிச் சாவி. தேன்நிலவுக்கு அதுலதான் போனோம். திரும்பி வந்து பார்த்தா அது எங்க வண்டியே இல்ல!"

"நான் உன் வண்டியில ரெண்டு தடவை ஆடு ஏத்திட்டுப் போயிருக்கேன் லிண்ட்சே. இப்ப சொல்லலாம், இல்ல?"

"தெரியும்," என்றார் லிண்ட்சே. "முப்பத்தஞ்சு கிலோ. ஏறக்குறைய."

யாரோ 1966 ஆட்டத்தின் பேச்சை எடுத்தார்கள். தப்பான வண்டியில் ஏறின பெண்ணை ஊரே பார்த்துச் சிரித்தது. பெரில் டீ ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"தப்பு என்ன தப்பு. எங்க அப்பா வண்டி ஆட்டு நாத்தம் அடிக்கும். இது சோப்பு வாசனை அடிச்சுது. தெரிஞ்சுதான் ஓட்டிட்டுப் போனேன்."

லிண்ட்சேயின் கையில் இருந்த சாவி டப்பாவுக்குள் விழுந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட சொல்லலையே நீ?"

"நீ எங்க கேட்டே?"

வியாழக்கிழமை மதியத்துக்குள் டப்பாக்கள் தீர்ந்தன. இரண்டு சாவிகள் உள்ளே போயின, ஒன்றும் திரும்பவில்லை. கூட்டம் கலைந்தது. ஷெட்டில் மிஞ்சியது லிண்ட்சே, பெரில், மூலையில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் க்ளெம். அவர் காலிடுக்கில் டிரில் மெஷின். இரண்டு நாளாக அவர் அந்தப் பெட்டியை விட்டு எழவில்லை. ஒரு கதையும் சொல்லவில்லை. வலது கை மட்டும் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

பெரில் அவர் எதிரில் போய் நின்றார்.

"பையில என்ன க்ளெம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை ரெண்டு நாளா புடிச்சுட்டிருக்கியே?"

க்ளெம் லிண்ட்சேயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கையை வெளியே எடுத்தார். வயலில் துருப்பிடித்துக் கிடக்கிற அவருடைய வண்டியின் சாவி. அந்தக் கம்பெனியின் சின்னம் போட்ட தோல் வளையத்தில், பளபளப்பு மங்காமல் இருந்தது.

"இது உள்ள போகாது," என்றார் வேகமாக. "வேற கம்பெனி. போகவும் கூடாது. போச்சுன்னா நான் வெளிய தலைகாட்ட முடியாது, அவனும் முடியாது."

"போட்டுப் பாரு."

"பெரில், இது மத விஷயம்."

"க்ளெம் பாஸ்கோ, நாளைக்கு வெள்ளிக்கிழமை."

அவர் எழுந்தார். தன் மதத்தார் யாராவது தெருவில் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக அந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்தார். சாவியை நுழைத்தார். பாதியில் நின்றது. கொஞ்சம் வெளியே இழுத்து, பல் வலிக்காரனைத் தொடுவது போல் மெல்ல அசைத்தார். தேய்ந்த சாவி, தேய்ந்த உருளை. இரண்டுமே கொள்கைப் பிடிப்பு தளர்ந்துபோன வயது. திரும்பியது.

லிண்ட்சே குனிந்து உருளையைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் பூட்டு செஞ்சவன் ஒருத்தன்தான் போலிருக்கு."

"வெளிய சொல்லிடாதே," என்றார் க்ளெம்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இந்த முறை பெரிலின் கொண்டை ஊசி. இந்த முறை முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த பின் இறங்கியது, உருளை கையோடு வந்தது. முகப்பு வளையத்தைக் கழற்றி, பழைய சுவிட்சைப் பின்பக்கமாக இழுத்தெடுத்தார்கள். உள்ளே இருந்த பித்தளை கவ்வ எதுவுமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. க்ளெம் ஒவ்வொரு வயராகப் புதுச் சுவிட்சுக்கு மாற்றினார். மேலே உருளை வைப்பதுதான் பாக்கி.

மேசையில் இரண்டு உருளைகள். புதியது மின்னியது, அதற்கே உரிய சாவியும் கூடவே இருந்தது. பழையது காது தேய்ந்தது. அதற்குக் க்ளெமின் சாவியைத் தவிர வேறு கதியில்லை. அதைப் போட்டால், மாற்று மதத்தானின் சாவியால் ஆயுளுக்கும் தன் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

லிண்ட்சே இரண்டையும் கைக்கு ஒன்றாக எடுத்து எடை பார்த்தார். பழையதை நீட்டினார்.

"இதையே போடு. உன் சாவிக்கு நகல் எடுத்துக்கலாமா?"

க்ளெம் வெகு நேரம் எதையோ முறுக்குவதுபோல் குனிந்திருந்தார். "நகல் எதுக்கு? என் வண்டி இனி எங்க கிளம்பப்போகுது? சாவியாவது ஓடட்டும்." தோல் வளையத்தோடு மேசையில் வைத்தார்.

லிண்ட்சே சின்னத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். பெரில் அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கம்பளிச் சட்டையோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைக் கொடுத்தார். வண்டி கிளம்பியது, கடைவரை அணையவில்லை, கடற்பாலம்வரை அணையவில்லை. மீனில் உப்பு அதிகம் என்று பெரில் குறை சொன்னார். நான்கு வாரமாக அந்தக் குறையைக் கேட்கக் காத்திருந்தவர் போல லிண்ட்சே ஆமாம் என்றார்.

"அடுத்த வாரம் அவனையும் கூட்டிட்டு வரணும்," என்றார் பெரில்.

"யாரை? க்ளெமையா? செத்தாலும் வரமாட்டான்."

வந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் மதுக்கடை வாசலில் நின்றிருந்தேன். வெண்ணெய் நிற வண்டி மெதுவாகக் கடந்து போனது. முன்னால் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பின் சீட்டில் ஆளில்லை. ஒரு கம்பளிச் சட்டை மட்டும், அதற்கு அடியில் ஒரு பெரிய மனிதர் படுத்திருக்கிற அளவுக்கு உப்பலாக. கடையைத் தாண்டியதும் சட்டை எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சண்டை போட்டது.